எஸ்தரைக் கேட்காமல் சொன்ன சாட்சி

பெரிய ஆஸ்பத்திரியில் எந்த லிஃப்ட் சீக்கிரம் வரும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எந்த வார்டு மிஸ்ஸி கோபக்காரர் (நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்), எந்த மாடிக் குழாயில் சுடுதண்ணீர் வரும், சாயங்காலம் காவலர் எத்தனை மணிக்கு ஆட்களை உள்ளே விடுவார், எல்லாம் அத்துப்படி. பதினோரு வருடமாக எங்கள் சபையின் நோயாளிகள் விசாரிப்புக் குழுவுக்கு நான்தான் தலைவர். சனிக்கிழமை நாலரை மணிக்கு ஐந்து பேர் போவோம். கையில் பிஸ்கட் பொட்டலமும் பைபிள் வசன அட்டையும் இருக்கும். ஒரு கட்டிலுக்குப் பத்து நிமிடம். "எப்படி இருக்கீங்க?" என்பேன். "நல்லா இருக்கேன்" என்பார்கள். கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஊரார் வீட்டு நோயாளி சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று துருவித் துருவிக் கேட்ட இந்த சாமுவேலுக்கு, தன் வீட்டில் தன் மனைவியின் கண் மஞ்சளாகிக்கொண்டு வந்தது தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தது பாசாரில் மீன் விற்கும் சீன அக்கா.

எங்கள் வீடு தீவில், ஜெலுத்தோங்கில் ஒரு அடுக்குமாடியில். நான் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி எஸ்தர். ஒரே மகள் ரூத், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. எனக்குக் குரல் பெரிது. கிடங்கில் லோரிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வந்த குரல். சபையில் மைக் கொடுத்தால் திருப்பித் தர மனம் வராது. இதை எஸ்தர் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள், நான்தான் சிரித்துத் தள்ளிவிட்டேன்.

கதை போன வருடம் தொடங்கியது. எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் எஸ்தருக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும், முதுகுவரை போகும். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். ஈரலுக்கு அடியில் ஒரு சின்னப் பை இருக்கிறது. நாம் சாப்பிடும் எண்ணெய், கொழுப்பைக் கரைக்கும் பித்தநீரை அதுதான் சேர்த்துவைக்கும். அந்த நீர் இறுகிக் கல்லாகிவிடுகிறது. பையையே எடுத்துவிட வேண்டும், சின்ன ஆப்பரேஷன்தான் என்று சொல்லி, தேதி எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள்.

தேதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் ஒரு ஞாயிறு சாயங்காலம் சபை மூப்பர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்து, அவள் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். மறுநாள் காலையில் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு எஸ்தர், "வலியே இல்லங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க வலி இல்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்தோத்திரப் பண்டிகை. வருடத்துக்கு ஒருமுறை, ஆண்டவர் செய்த நன்மைகளை ஆளாளுக்கு மேடையேறிச் சாட்சியாகச் சொல்லும் நாள். நான் சும்மா இருப்பேனா? ஏறினேன். "டாக்டர் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே ஆண்டவர் கை வச்சிட்டாரு!" என்றேன். சபை அல்லேலூயா என்று அதிர்ந்தது. "எஸ்தர், எழுந்து நில்லு" என்றேன். மூன்றாவது வரிசையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். சிரித்தாள். சாட்சி சொல்லப்போகிறேன் என்று அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள். "அடுத்த மாசம் ஆப்பரேஷன் தேதி இருக்கே, அத என்ன பண்றது?"

"நூத்தம்பது பேருக்கு முன்னால சாட்சி சொல்லியாச்சு. இனிமே போயி ஆஸ்பத்திரில படுத்தா ஆண்டவர் பேரு என்னா ஆவறது?" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆண்டவர் பெயரைப் பற்றி நான் கவலைப்பட்டேன் என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன். கவலை என் பெயரைப் பற்றித்தான். தேதி வந்தது, போனது. நான் ஞாபகப்படுத்தவும் இல்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம். எஸ்தர் கோழி சாப்பிடுவதை விட்டாள். பொரித்தது எதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை வெறும் கஞ்சி, பிறகு புதன்கிழமையும் கஞ்சி. "உபவாசமா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். அந்த ஒரு "ம்"மைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக் கூட்டத்தில், "எங்க வூட்டுக்காரம்மா வாரத்துல ரெண்டு நாள் உபவாசம்" என்று பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு சனிக்கிழமை காலை பாசாரில் நான் கெம்போங் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். எஸ்தர் பக்கத்தில் நின்றாள். மீன்கார அக்கா தராசைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். "அங்கிள், மாத்தா கூனிங் லா! டாக்டர் சூடா ஜூம்பா?" என்றாள். கண் மஞ்சளாக இருக்கிறதே, டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று என்னைக் கேட்கிறாள். நான் திரும்பிப் பார்த்தேன். மீன் கடைக் குழல் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை விழி மஞ்சள் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட நான் அதை அப்போதுதான் பார்த்தேன்.

"வெயில் சூடுங்க" என்றாள் எஸ்தர். மதியத்துக்குள் அவளுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு போர்வைக்கு மேல் என் பழைய கோட்டையும் போட்டும் பல் கிட்டியது. ரூத் காரை எடுத்தாள். அவசரப் பிரிவில் எஸ்தரைப் பார்த்ததும் தள்ளுவண்டியை நேராகச் சிவப்புப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்து என்றால்தான் சிவப்பு. பதினோரு வருடம் போய்வந்தவனுக்கு அது தெரியாதா?

முகப்பில் அடையாள அட்டையான ஐசியும் பழைய ஆஸ்பத்திரி அட்டையும் கேட்டார்கள். எஸ்தரின் கைப்பையில் தேடினேன். ஐசி கிடைத்தது. அட்டை இல்லை. உள்ளே அவளுடைய ஜிப் போட்ட பைபிள் இருந்தது. திறந்தேன். உறையின் உள்பையில் நாலாக மடித்த ஆஸ்பத்திரி அட்டை, அதற்குப் பின்னால் வலி மாத்திரைப் பட்டைகள். பாதிக்கு மேல் காலி. என் பைபிள் எனக்கு, அவள் பைபிள் அவளுக்கு. நான் ஒருநாளும் அதைத் தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் சின்ன வயதுப் பெண், நம் தமிழ்ப் பிள்ளை. "அங்கிள், ஆன்ட்டிக்கு எப்பலேருந்து வலி?" என்று கேட்டார்.

"வலி இல்லம்மா. எட்டு மாசமா இல்ல. ஜெபத்துல…"

கட்டிலிலிருந்து எஸ்தர் பேசினாள். குரல் ஒடுங்கியிருந்தது. "ரெண்டாவது வாரமே வந்துருச்சு, டாக்டர்."

என்னைப் பார்க்காமல் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பையில் இருந்த கல் ஒன்று நழுவி, பித்தநீர் குடலுக்குப் போகும் குழாயில் மாட்டிக்கொண்டது. போக வழியில்லாத பித்தம் ரத்தத்தில் ஏறிக் கண்ணும் தோலும் மஞ்சளாகிவிட்டன. அடைப்புக்குப் பின்னால் கிருமி பெருகி ரத்தத்தில் கலந்துவிட்டது. அதனால்தான் குளிர், அதனால்தான் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. வாய் வழியாகக் கேமரா வைத்த நீளக் குழாயை விட்டு, இரைப்பையைத் தாண்டி, பித்தக்குழாய் குடலில் திறக்கும் இடத்தைச் சற்றே கீறிக் கல்லை இழுக்க வேண்டும். "கல்லு வலி இப்படித்தான் அங்கிள். வரும், போயிரும். போயிருச்சுன்னா கல்லு போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல. அன்னிக்கே ஆப்பரேஷன் பண்ணியிருந்தா இவ்வளவு தூரம் வந்துருக்காது." அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிழைப்பாளா என்று கேட்டேன். "கல்ல எடுத்தாதான் சொல்ல முடியும்" என்றார்.

மறுநாள் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நடக்கிற நேரம். வெளியே நாற்காலியில் நானும் ரூத்தும். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். வாயில் வந்த ஒவ்வொரு வாக்கியமும் மைக்கில் பேசுகிற மாதிரியே வந்தது. எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

ரூத் எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் பையில் பால் விடாத கோப்பி ஓவும் ஒரு பன்னும் வாங்கிவந்தாள். பன்னைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்துவிட்டுத்தான் பேசினாள். "அம்மா உபவாசம் இருக்கலப்பா. சாப்ட்டா வலிக்கும், அதான் சாப்பிடல. எனக்கே போன மாசம்தான் தெரியும். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்." சொல்லிவிட்டு அழுதாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 

கல் வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் தீவிரக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். ரத்த அழுத்தம் ஏறவும் இறங்கவுமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மூன்றாம் நாள் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, மூன்றாம் வகுப்பு, கட்டணம் சொற்பம். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

பக்கத்துக் கட்டிலில் லெட்சுமியக்கா, குடலில் ஆப்பரேஷன். அவர் கணவர் முனியாண்டி, சுங்கை பாக்காப்பில் லோரி ஓட்டியவர். தினமும் மோட்டார் சைக்கிளிலேயே பாலம் தாண்டித் தீவுக்கு வருவார். நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு, கையில் தெர்மோஸ். வந்ததும் மனைவியைப் பார்த்து, "என்னா வேணும்?" என்பார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு வேலை.

வார்டுக்கு வந்த முதல் நாள் எஸ்தருக்குக் குமட்டியது. நான் அவள் தலையில் கைவைத்து, கண்ணை மூடி, "எங்கள் பரம பிதாவே" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, சாமிய அப்புறம் கூப்புடலாம், மொதல்ல அந்த வாந்தி பேசின எடுங்க!" என்று முனியாண்டி கத்தினார்.

நான் கண்ணைத் திறப்பதற்குள் எல்லாம் என் சட்டையில். எஸ்தர், "மன்னிச்சிக்குங்க" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. முனியாண்டி வந்து, பேசினை மோவாய்க்கு அடியில் எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, முதுகுக்குப் பின்னால் மற்றக் கையை எப்படிக் கொடுப்பது என்று காட்டினார். "ஆஸ்பத்திரிக்கே வந்ததில்லியா, அண்ணே?" என்று கேட்டார். பதினோரு வருடமாக வருகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "இல்ல" என்று சொல்லிவிட்டேன். ஒரு விதத்தில் அது பொய்யில்லை.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டேன். வெந்நீரில் துணி பிழிந்து முகம் துடைப்பது, தலையணையைத் திருப்பிப் போடுவது, கஞ்சியை உதட்டில் வைத்துச் சூடு பார்ப்பது. தலை வாரிப் பின்னல்கூடப் போட்டேன். கோணலாக வந்தது. லெட்சுமியக்கா பார்த்துவிட்டுத் தையல் வலியோடு சிரித்தார். எஸ்தரும் கொஞ்சம் சிரித்தாள். இப்படி ஒரு காரியத்தை முப்பது வருடத்தில் அவளுக்கு நான் செய்ததில்லை. அவள் எனக்குச் செய்ததைக் கணக்கெடுக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

ஒரு மதியம் கஞ்சி ஊட்டும்போது கேட்டுவிட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வலிக்குதுன்னு சொன்னா நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிரும். இல்லாட்டி எனக்கு விசுவாசம் பத்தலன்னு ஆயிரும். ஜனங்க வேற பாக்கறப்பல்லாம், சிஸ்டர் சொகமா, சிஸ்டர் சொகமான்னு. நான் என்னாங்க பண்ணுவேன்?" போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி பேசினாள். "ஆண்டவர் அந்த குஷ்டரோகிய சொகமாக்கிட்டு என்னா சொன்னாரு? யாருகிட்டயும் சொல்லாத, போயி ஆசாரியன்கிட்ட ஒடம்பக் காட்டுன்னுதான சொன்னாரு? நீங்க ரெண்டயும் மாத்திப் பண்ணிட்டீங்க."

எத்தனை தடவை அந்தப் பகுதியை வைத்து நானே பிரசங்கம் பண்ணியிருப்பேன்! சுகமானவனையே போய்க் காட்டச் சொன்னார். நான் என் மனைவியைக் காட்டவிடாமல் செய்துவிட்டு, ஊர் முழுக்கச் சொன்னேன். ஆண்டவர் சுகம் தரமாட்டார் என்று இன்றைக்கும் நான் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் வலி நின்றதற்கும் ஸ்தோத்திரம் செய்கிறேன். ஆனால் அவர் முடிக்காத வேலையை முடிந்தது என்று அறிவித்தது நான். "மன்னிச்சிரு" என்றேன். "கஞ்சி ஆறுது" என்றாள்.

சனிக்கிழமை நாலரைக்கு எங்கள் குழு வந்தது. நாலு பேர், அதே பிஸ்கட், அதே அட்டை. நான் முதல்முறையாகக் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றேன். "எப்படி இருக்கீங்க, சிஸ்டர்?" என்றார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத எஸ்தர், "நல்லா இருக்கேன்" என்றாள். எத்தனை நூறு பேர் இதே வார்த்தையை என்னிடம் சொல்லியிருப்பார்கள், நானும் நம்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன்! குழுவில் இளையவரான டேனியல், "சத்துரு வியாதியத் திரும்பக் கொண்டாந்துட்டான், அண்ணே" என்றார். "சத்துரு இல்ல, தம்பி. நான்தான் ஆப்பரேஷனுக்குப் போவ விடல" என்றேன். அவர்கள் பிஸ்கட்டை மேசையில் வைத்தார்கள். சீக்கிரமே கிளம்பினார்கள். குழுவில் இன்னொருவரான புஷ்பம் அக்கா மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. கேட்காமலே போய்விட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் எஸ்தர் வீட்டுக்கு வந்தாள். கண் வெள்ளையாகிவிட்டது. நான் தினமும் பார்க்கிறேன். "என்னா அப்படி முறைக்கிறீங்க?" என்பாள்.

இந்த வருட ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளிடம் கேட்டேன். "மேடையில போயி நடந்ததச் சொல்லலாமா?"

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "மொதல்ல எங்கிட்ட சொல்லிக் காட்டுங்க" என்றாள்.

சொல்லிக் காட்டினேன். நடுவில் கத்தியை நிறுத்தினாள். "ஆண்டவர் இதுனால எனக்குப் பாடம் கத்துக் குடுத்தார்னு சொல்றீங்களே, அத எடுத்துருங்க. வலிச்சது எனக்கு."

எடுத்துவிட்டேன்.

மேடையில் மைக்கைக் கையில் எடுக்காமல் ஸ்டாண்டிலேயே விட்டுப் பேசினேன். போன வருடம் நான் சொன்ன சாட்சி தப்பு என்றேன். இரண்டாவது வாரமே வலி வந்தது, என் சாட்சியைக் காப்பாற்ற அவள் எட்டு மாதம் மறைத்தாள், சாகக் கிடந்தாள் என்றேன். ஜெபம் பண்ணுங்கள், டாக்டர் கொடுத்த தேதிக்கும் போங்கள் என்றேன். ஒரு அல்லேலூயா இல்லை.  இறங்கி வந்தேன். மூன்றாவது வரிசையில் எஸ்தர் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

ஆராதனை முடிந்து வெளியே எல்லாரும் மீஹூன் சேமியாவும் தேநீரும் எடுத்துக்கொண்டிருந்தபோது புஷ்பம் அக்கா எங்களைச் சுவர் ஓரமாகக் கூப்பிட்டார். அவருக்குக் கணவர் இல்லை, மகன் சிங்கப்பூரில். முந்தானையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"போன வருசம் நீங்க சாட்சி சொன்ன அன்னிக்கே நானும் முன்னால வந்து ஜெபம் பண்ணிக்கிட்டேன், அண்ணே. இங்க ஒரு கட்டி. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லித் தேதி குடுத்துருந்தாங்க. எஸ்தருக்குக் கெடச்சது எனக்கும் கெடைக்கும்னு போவல." முந்தானையை இன்னும் இறுக்கினார். "இப்ப பெருசாயிருக்கு."

 எஸ்தர் அவர் கையைப் பிடித்தாள். "நாளைக்கு காலைல ஏழு மணிக்கு வூட்டுக்கு கீழ வந்து நில்லுங்க, அக்கா. நாங்க கார்ல வர்றோம்."

அந்த நாளைதான் இன்று. பெண்கள் பிரிவின் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எஸ்தரும் புஷ்பம் அக்காவும் உள்ளே போய் முக்கால் மணி நேரமாகிறது. பையில் வசன அட்டைகள் இருக்கின்றன. எடுத்து நீட்ட மனம் வரவில்லை. அந்தக் கட்டி ஒன்றுமில்லாமல் இருக்கட்டும் என்று மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டேன். ஏதாவது இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

கதவு திறந்தது. எஸ்தர் தலையை மட்டும் நீட்டினாள்.

"ஊசி வச்சு சதை எடுத்துப் பாக்கணுமாம். பேனா வச்சிருக்கீங்கல்ல? தேதிய எழுதிக்குங்க. நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

வசன அட்டை ஒன்றைத் திருப்பி, அவள் சொன்னதைப் பின்பக்கம் எழுதினேன். வியாழக்கிழமை, காலை எட்டு மணி.

"திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.